இரவை அளக்கும் சுரப்பி

தெற்கிலிருந்து டில்லிக்குக் குடிவந்த நம்மவர் முதலாண்டிலேயே ஒரு வேறுபாட்டை உணர்கின்றனர். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரமே. டில்லியிலோ அது மூன்றரை மணியைத் தாண்டுகிறது. நாம் மேலெழுந்தவாரியாக உணரும் இந்த மாறுதலை வடநாட்டு எருமை நுட்பமாக அறிகிறது.

ஹரியானாவின் ரோத்தக், ஹிஸார் பகுதிகள் முர்ரா எருமையின் தாயகமாகும். அங்கே எருமைகள் குளிர்காலத்தில் மிகுதியாகச் சினைப் பருவத்திற்கு வருகின்றன. கோடையில் பலவற்றிடம் அதன் அறிகுறியே தோன்றுவதில்லை. பருவம் தவறினால் உழவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். பால் வற்றிய எருமைக்கும் தீவனம் இட்டே ஆகவேண்டும். வெப்பமும் பசுந்தீவனக் குறைவும் இதற்குக் காரணங்களே. எனினும் பகலின் நீளமும் ஒரு காரணமாகும்.

பகலின் நீளத்தை மூளை எவ்வாறு அறிகிறது? மூளையின் நடுவே பினியல் என்னும் சிறு சுரப்பி உள்ளது. 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னரும் அவர் குழுவினரும் மாடுகளின் பினியல் சுரப்பிகளிலிருந்து மெலட்டோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இது இருளில் சுரப்பது. கண்ணில் ஒளி பட்டால் குறைவது. ஆகவே நீண்ட இரவில் நெடுநேரமும், குறுகிய இரவில் சிறிது நேரமும் சுரக்கிறது.

இதன்பின் நிகழ்வன பெரிதும் செம்மறியாட்டிலும் ஹாம்ஸ்டர் என்னும் எலியினப் பிராணியிலும் ஆராயப்பட்டவை. மெலட்டோனின் இனவிருத்தி நரம்பணுக்களுக்கு நேரே ஆணையிடுவதில்லை. பிட்யூட்டரி சுரப்பியின் காம்பைச் சூழ்ந்த பகுதி அதன் செய்தியை முதலில் ஏற்கிறது. இரவு குறுகும்போது, அப்பகுதி அனுப்பும் தூதுப்பொருளால் மேலேயுள்ள ஹைப்போதலமஸ் பகுதியில் தைராய்டு ஹார்மோனின் வீரியம் கூடுகிறது. அதற்கேற்ப கிஸ்பெப்டின் சுரக்கும் நரம்பணுக்களின் செயல் மாறுகிறது. அவற்றின் தூண்டுதலால்தான் ஜி.என்.ஆர்.எச். என்னும் ஹார்மோன் துடிப்புத் துடிப்பாக வெளிப்படுகிறது. அதுவே பிட்யூட்டரியை இயக்கிச் சினைப்பையை எழுப்புகிறது.

இதில் வியப்பு என்னவெனில், ஒரே செய்தியைப் பிராணிகள் வெவ்வேறாகப் படிக்கின்றன. நீண்ட இரவு ஆட்டின் இனவிருத்தியைத் தொடங்குகிறது. ஹாம்ஸ்டரின் இனவிருத்தியையோ நிறுத்துகிறது. ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். ஹாம்ஸ்டருக்கு 3 வாரமே. முன்னது இலையுதிர் காலத்தில் சினைப்பட்டாலும், பின்னது வசந்தத்தில் சினைப்பட்டாலும், குட்டிகள் பிறப்பது புல் தழைக்கும் காலத்திலேயே. மெலட்டோனின் நாட்காட்டியைப் போன்றது. அதைக் கண்டு செய்யவேண்டியது யாதென்பதை அந்தந்த இனமே முடிவு செய்கிறது.

இவ்வறிவு பயன் தந்துள்ளது. மெலட்டோனின் அடங்கிய சிறு குளிகையைக் காதின் தோலுக்கடியில் பதித்து, ஆடுகளை முன்கூட்டியே பருவத்திற்குக் கொணர்கின்றனர். நம் நாட்டில் எருமைகளிடமும் இம்முறை சோதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் நிழல், நீர், பசுந்தீவனம் ஆகியவற்றிற்கு அது ஈடாகாது. எருமையின் பருவ அறிகுறிகள் மங்கலானவை. இரவிலும் விடியலிலும் கவனித்தால் தப்பாது.

மனிதருக்கு இத்தகைய இனவிருத்திப் பருவம் இல்லை. ஆதலின் ஆட்டுக்குப் பலித்தது நமக்கும் பலிக்குமெனக் கருதி, மருத்துவரைக் கேளாமல் மெலட்டோனின் மாத்திரையை நாடுதல் தகாது.