கர்னாதா பயணம்: குடும்பத்தோடு புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உலகம் சுற்றிய இப்னு பதூதா (ரஹ்) 1340களில் நம் மதுரைக்கு வந்தார். அன்று மதுரையை ஆண்டவர்கள் மஅபர் சுல்தான்கள். சில ஆண்டுகள் கழித்து, 1350-ல், அதே மனிதர் உலகின் மறுகோடியில், ஸ்பெயின் நாட்டின் கர்னாதா நகரில் நின்றார். அங்கே குடியேறியிருந்த தர்வேஷ்களில் ஸமர்கந்துக்காரரும் தப்ரீஸ்காரரும் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள் என்று அவர் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் கர்னாதாதான் இன்றைய கிரனடா. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போவது இப்போது சாதாரணமாகி வருகிறது. போகுமுன் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: அல்ஹம்ராவைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்? சாப்பாட்டுக்கு என்ன வழி? தொழுகையை எப்படி அமைத்துக்கொள்வது? நாம் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம்: பிள்ளைகளிடம் அந்த ஊரைப் பற்றி என்ன சொல்வது? இந்த நான்கையும் வரிசையாகப் பார்ப்போம்.

எப்போது, எத்தனை நாள்?

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். இவைதான் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வயதானவர்களை மேடு பள்ளங்களில் நடக்க வைப்பது சிரமம். குளிர்காலத்தில் ஊருக்குப் பின்னால் நிற்கும் சியரா நெவாடா மலை பனி மூடி அழகாக இருக்கும். ஆனால் கம்பளி உடை கட்டாயம்.

மூன்று இரவுகள் தங்கினால் நிறைவாகப் பார்க்கலாம். ஒரு நாள் அல்ஹம்ராவுக்கு, ஒரு நாள் அல்பைசீன் என்ற பழைய முஸ்லிம் குடியிருப்புக்கு, ஒரு நாள் நகரின் நடுப்பகுதிக்கு என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் அவசியம்.

மாட்ரிட் வரை விமானத்தில் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் கிரனடா. மாலகா விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்குப் பஸ் பயணம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

அல்ஹம்ரா டிக்கெட்: முதலில் செய்ய வேண்டிய வேலை

பலர் விமானம், ஹோட்டல் எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் அல்ஹம்ரா டிக்கெட்டைத் தேடுகிறார்கள். அப்போது ‘தீர்ந்துவிட்டது’ என்று வரும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு அங்கே உண்டு. சுற்றுலா மாதங்களில் சில வாரங்கள் முன்பே எல்லாம் விற்றுப்போகும். எனவே வரிசையை மாற்றுங்கள். விசா உறுதியானதும் முதலில் அல்ஹம்ராவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் டிக்கெட், அதன் பிறகு மற்றவை.

மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, டிக்கெட் பெயருக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும் உரியது. அன்று அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். இரண்டு, நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழைய டிக்கெட்டில் ஒரு நேரம் போட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். வாசலிலிருந்து அரண்மனை வரை நல்ல தூரம் நடக்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே போய்விடுங்கள். மூன்று, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை; ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

உள்ளே என்ன பார்ப்பது?

‘அல்ஹம்ரா’ என்றால் செந்நிறமானது. 1238-ல் கர்னாதாவைக் கைக்கொண்ட முஹம்மத் இப்னுல் அஹ்மர் தொடங்கிய நஸ்ரி வம்சம் 1492 வரை இங்கிருந்து ஆண்டது. நாம் இன்று வியக்கும் அரண்மனைகளில் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டில் முதலாம் யூசுஃபும் அவர் மகன் ஐந்தாம் முஹம்மதும் கட்டியவை.

கொமாரெஸ் மண்டபத்தில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். 8,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைக் கோத்து ஏழு வானங்களை நினைவூட்டும் கூரை அங்கே இருக்கிறது. அடுத்து வரும் சிங்க முற்றத்தில் 124 பளிங்குத் தூண்கள். நடுவே 12 சிங்கங்கள் தாங்கும் நீர்த்தொட்டி. அந்தத் தொட்டியின் விளிம்பில் செதுக்கப்பட்டவை அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் வரிகள். இந்த நீர் எல்லாம் மலையிலிருந்து வருவது. தர்ரோ ஆற்றை மேலே சில கிலோமீட்டர் தள்ளி மறித்து, கால்வாய் வெட்டி, மோட்டார் எதுவும் இல்லாத காலத்தில் சரிவைக் கொண்டே குன்றின் உச்சிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நீரூற்றைப் படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள்.

சுவரெங்கும் திரும்பத் திரும்ப ஒரு வாசகம் கண்ணில் படும்: ‘வலா ஃகாலிப இல்லல்லாஹ்’. அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் எவனும் இல்லை. இது நஸ்ரிகளின் முத்திரை வாசகம். மக்தபில் ஓதும் நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டியே இதைப் படித்துவிடுவார்கள். எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அவர்களுக்கு அலுப்பே தெரியாது.

கீழே நகருக்குள்

பெரிய தேவாலயத்துக்கு அருகே, அரச கல்லறைக்கு எதிரே ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் பெயர் இன்றும் ‘மத்ரஸா’தான். 1349-ல் முதலாம் யூசுஃப் நிறுவியது. இன்று பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அந்தக் கட்டடத்தில் பழைய தொழுகை அறையும் மிஹ்ராபும் மிஞ்சி நிற்கின்றன. மத்ரஸாவில் படித்து வளர்ந்த நமக்கு அல்ஹம்ராவை விட இந்தச் சிறிய அறைதான் மனதைப் பிடித்து நிறுத்துகிறது. அதைக் கட்டிய சுல்தான் 1354-ல் ஈதுல் ஃபித்ர் பெருநாள் அன்று, பள்ளியில் தொழுகையில் இருந்தபோது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

பக்கத்திலேயே பழைய பட்டுச் சந்தையான அல்கைஸரியா. 1843-ல் தீயில் எரிந்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. வணிகர்கள் தங்கிய 14-ஆம் நூற்றாண்டு விடுதியான ‘கொர்ரல் தெல் கர்போன்’, 11-ஆம் நூற்றாண்டு ஹம்மாமான ‘பான்யுவேலோ’ இரண்டும் அசலாக நிற்பவை. தேவாலயப் பக்கம் சிலர் செடிக் கொத்து ஒன்றைக் கையில் திணித்துக் காசு கேட்பார்கள், வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். கூட்டத்தில் பர்ஸும் பாஸ்போர்ட்டும் பத்திரம்.

அல்பைசீன் முழுக்க ஏற்றமும் கூழாங்கல் பாதையும். முதியவர்கள் இருந்தால் மேலே போகச் சிறிய பஸ்கள் உண்டு; ஏறும்போது பஸ், இறங்கும்போது நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொழுகை

அல்பைசீனின் உச்சியில், சான் நிக்கோலாஸ் சதுக்கத்தை ஒட்டி, கிரனடாவின் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 2003-ல் திறக்கப்பட்டது. இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானியர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று எழுப்பியது. அதன் தோட்டத்தில் நின்றால் எதிர்க் குன்றில் அல்ஹம்ரா முழுவதும் தெரியும். பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வருமாறு அமைத்துக்கொண்டால் ஜும்ஆவை அங்கே தொழலாம். முஸாஃபிருக்கு ஜும்ஆ கடமை இல்லை. ஆனாலும் அந்த வாய்ப்பை விடுவானேன்!

ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா கிழக்கு, சற்றே தெற்குப் பக்கமாக. நேரங்களும் புதிதாகத் தோன்றும். ஜூன் மாதத்தில் லுஹர் 2.20 மணியளவில் தொடங்கும், மஃக்ரிப் 9.40-ஐ ஒட்டி, இஷாவுக்கு 11 மணி தாண்டிவிடும். டிசம்பரில் மஃக்ரிப் மாலை 6 மணியளவிலேயே வந்துவிடும். அல்ஹம்ரா நுழைவு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள். கோடையில் காலை நேரம் எடுத்தால் லுஹருக்கு முன் பார்த்து முடித்து நிதானமாக வெளியே வரலாம்.

ஷாஃபிஈ மத்ஹபினர், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்க நிய்யத் வைத்திருந்தால் கஸ்ரும் ஜம்வும் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் 15 நாட்களுக்குக் குறைவான தங்கலுக்குக் கஸ்ர் உண்டு. ஆனால் ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர ஜம்வு இல்லை. அவர்கள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதால் சிரமம் குறையும். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் இரு மத்ஹபினரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

சாப்பாடு

கிரனடாவில் ஒரு வழக்கம் உண்டு. கடையில் ஏதாவது குடிக்க வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டில் தின்பண்டம் இலவசமாக வரும். ‘தபாஸ்’ என்பார்கள். குளிர்பானம் வாங்கினாலும் பெரும்பாலும் வரும். ‘சும்மாதானே தருகிறார்கள்’ என்று வாயில் போட்டுவிட வேண்டாம். அந்தத் தட்டில் பன்றித் தொடை இறைச்சி இருப்பது மிகச் சாதாரணம். இந்தக் கடைகள் பெரும்பாலும் மது பரிமாறும் இடங்களும் கூட. மது சுற்றும் விரிப்பில் உட்கார வேண்டாம் என்பது மார்க்கத்தின் எச்சரிக்கை. பிள்ளைகளோடு போகும்போது நாம் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

‘காய்கறி உணவு’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். அவரைக்காயிலும் கொண்டைக்கடலையிலும் பன்றி இறைச்சித் துண்டுகளைச் சுவைக்காகப் போடுவது அங்கே பழக்கம். ‘கார்னே இல்லையே?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ஹமோனைப் பலர் ‘இறைச்சி’ கணக்கிலேயே சேர்ப்பதில்லை! எனவே பெயர் சொல்லிக் கேளுங்கள். செர்தோ என்றால் பன்றி. ஹமோன் என்றால் உப்பிட்ட பன்றித் தொடை. தொசினோ என்றால் பன்றிக் கொழுப்பு. மன்தேகா என்றால் பன்றி நெய். வீனோ என்றால் திராட்சை மது. ‘சின்’ என்றால் ‘இல்லாமல்’. ‘சின் செர்தோ, சின் ஹமோன், சின் வீனோ’ என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு காட்டுங்கள். இனிப்புகளில் ‘மன்தெகாதோ’, ‘பொல்வொரோன்’ இரண்டும் வழக்கமாகப் பன்றி நெய்யில் செய்பவை, தவிர்த்துவிடுங்கள்.

‘வேதம் கொடுக்கப்பட்டவர்களின் நாடுதானே, அவர்கள் அறுத்ததைச் சாப்பிடலாமே’ என்று சிலர் கேட்பதுண்டு. யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்று தெரியாத இன்றைய இறைச்சிக் கூடங்களின் விஷயத்தில் பேணுதலே நல்லது. ஹலால் கிடைக்கும் ஊரில் சந்தேகத்துக்குள் போக வேண்டிய தேவை நமக்கு இல்லை. அல்பைசீன் அடிவாரத்தில் கல்தெரெரியா தெருவிலும் அதைச் சுற்றியும் மொரோக்கோ, சிரியாக்காரர்களின் கடைகள் உண்டு. தஜீன், குஸ்குஸ், புதினா தேநீர் எல்லாம் கிடைக்கும். அங்கேயும் ‘ஹலாலா?’ என்று கேட்டு உட்காருவதில் வெட்கம் வேண்டாம்.

ஊர்ச் சுவையைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. கரும்புப் பாகு ஊற்றிய கத்திரிக்காய்ப் பொரியல், பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த ‘அஹோ பிளாங்கோ’, ஆரஞ்சும் உப்பு மீனும் சேர்த்த ‘ரெமொஹோன்’, வறுத்த மீன் ஆகியவை நமக்கு ஏற்றவை. ஹமோன் தூவியிருக்கிறதா, எதனுடன் சேர்த்துப் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மதிய உணவு 2 மணிக்கு மேல், இரவு உணவு 9 மணிக்கு மேல்தான். சிறு பிள்ளைகளுக்கு இடையில் கொடுக்கப் பழமும் ரொட்டியும் பையில் இருக்கட்டும்.

சாப்பிடும்போதே ஒரு பாடமும் சொல்லலாம். எண்ணெய்க்கு அவர்கள் சொல்லும் ‘அஸேய்தே’ அரபியின் ‘அஸ்ஸைத்’. சர்க்கரைக்கு ‘அசூகர்’, அரபியின் ‘அஸ்ஸுக்கர்’. ஆரஞ்சுக்குச் சொல்லும் ‘நரன்ஹா’ அரபி, பாரசீகம் வழியாக இந்தியாவிலிருந்து போன சொல். நம் நாரத்தையின் உறவு.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

இதுதான் நாம் முக்கியமாகக் கருதுவது. அல்ஹம்ராவில் நின்றுகொண்டு ‘ஒரு காலத்தில் இதெல்லாம் நம்முடையது’ என்று பெருமூச்சு விடுவது எளிது. அது பாதி வரலாறு.

மீதியையும் சொல்லுங்கள். கர்னாதாவின் முதல் நஸ்ரி சுல்தான், தம் ஆட்சியைக் காத்துக்கொள்ள காஸ்தீல் மன்னருக்குக் கப்பம் கட்டினார். 1248-ல் முஸ்லிம் நகரமான இஷ்பீலியாவை அந்த மன்னர் கைப்பற்றத் தம் படையையும் அனுப்பினார். கடைசி நாட்களில் தந்தையும் மகனும் சிற்றப்பாவும் அரியணைக்காகத் தமக்குள் மோதினார்கள். 1492 ஜனவரி 2-ல் அபூ அப்தில்லாஹ் சாவியை ஒப்படைத்தபோது கோட்டை உள்ளிருந்தே பலவீனப்பட்டிருந்தது.

ஒப்பந்தத்தில் முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிகளும் காக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். பத்தாண்டு கூட அது நிலைக்கவில்லை. கட்டாய மதமாற்றம் வந்தது. பிப்-ரம்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் எரிக்கப்பட்டன. 1609 முதல் 1614 வரை, மதம் மாற்றப்பட்டவர்களின் சந்ததியும் நாடு கடத்தப்பட்டது. அதே 1492-ல் யூதர்களை வெளியேற்றும் ஆணை அல்ஹம்ராவிலிருந்தே பிறப்பிக்கப்பட்டது. அநீதி நம்மோடு மட்டும் நிற்கவில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். அதே நகரில் இன்று ஸ்பானிய முஸ்லிம்கள் பாங்கு சொல்லித் தொழுகிறார்கள் என்பதையும் அறிய வேண்டும். அப்போது அவர்கள் மனதில் வெறுப்பு தங்காது, நிதானம் தங்கும்.

கட்டியவர்கள் போய்விட்டார்கள், வென்றவர்களும் போய்விட்டார்கள். சுவரில் அந்த ஒரு வாசகம் மட்டும் நிற்கிறது. அதன் பொருளை நம் பிள்ளை அங்கே நின்று ஒருமுறை உணர்ந்துவிட்டால், செலவழித்த பணம் வீண் போகவில்லை. அத்தகைய பயணத்தை அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு எளிதாக்குவானாக, ஆமீன்.