பாவையும் பிள்ளைமையும்

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து அப்பொமற்றொக்ஸ் என்னும் சிற்றூரில், வில்மர் மக்லீன் என்பாரின் இல்லத்து முன்கூடத்திலே, தென்மாநிலங்களின் படைத்தலைவர் லீ, வடமாநிலங்களின் படைத்தலைவர் கிராண்டிடம் சரணடைந்தார். அக்கூடத்தில் மக்லீனின் சிறுமகள் லூலாவின் துணிப்பாவை ஒன்று கிடந்தது. தலைவர்கள் அகன்றபின், படை அலுவலர்கள் அதனை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடினர். 'வாய்பேசாச் சாட்சி' எனப் பெயருமிட்டனர். ஒருவர் அதனைத் தம்முடன் கொண்டும் சென்றார். 1992இலேயே அப்பாவை மீண்டும் அவ்வூரை அடைந்தது.

சாட்சி என்றனர், நன்று. அது கண்டது போரின் முடிவை. போருக்கு மூலமாய் நின்ற அடிமைக் கொடுமையைக் கண்ட பாவைகள் வேறு. 1860இல் அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் மாந்தர் அடிமைகளாயிருந்தனர். அவருட் பெருந்தொகையினர் சிறுவர். அச்சிறுவரைக் கலை எவ்வாறு கண்டது என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுவது.

ஹரியெற் பீச்சர் ஸ்ரோ அம்மையார் இயற்றிய 'ரொம் மாமாவின் குடிசை' 1852இல் நூலாக வெளிவந்தது. ஓராண்டினுள் அமெரிக்காவில் மட்டும் 3 இலட்சம் படிகள் விலைப்பட்டன. அதில் இரு சிறுமியர் வருவர். ஒருத்தி ஈவா, அடிமைகளை உடையவனின் மகள், பொற்கூந்தலாள், எவரிடத்தும் அன்பு பூண்டவள், நோயுற்று இளமையிலேயே இறப்பவள். மற்றவள் ரொப்சி, விலைக்கு வாங்கப்பட்ட கறுப்புச் சிறுமி, முதுகெல்லாம் அடித்தழும்பு, தன்னைப் பெற்றார் யாவர் என்பதனையும் அறியாதவள். ஈவா இறந்தபோது உலகம் கண்ணீர் விட்டது. ரொப்சி வந்தபோது சிரித்தது.

அம்மையாரின் கருத்து அதுவன்று. அடியும் புறக்கணிப்புமே ரொப்சியைக் கெடுத்தன என்றும், அன்பு கிடைத்தால் அவள் நெஞ்சும் இளகும் என்றும் அவர் தெளிவாகக் காட்டினார். ஆயின் நாடக மேடை அதனைத் தலைகீழாக்கிற்று. 1852இல் நியூயோர்க் மாநிலத்து மேடையொன்றில், கோர்டீலியா ஹவார்ட் என்னும் 4 வயதுக் குழந்தை ஈவாவாக நடித்தாள். அவள் தாய் முகத்திற் கரிபூசி ரொப்சியாக நடித்தாள். வெள்ளைக் குழந்தைக்கு ஒரு குழந்தையே வேண்டியிருந்தது. கறுப்புக் குழந்தைக்கோ முதிர்ந்த பெண்ணொருத்தி போதும் என்றாயிற்று! பிள்ளைமையின் களங்கமின்மை வெள்ளைச் சிறாருக்கே உரித்தாக்கப்பட்டு, கறுப்புச் சிறாருக்கு மறுக்கப்பட்டது என்பதனை, றொபின் பேர்ண்ஸ்ரைன் என்னும் ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார்.

அந்நூற்றாண்டில் அந்நாட்டில் வழங்கிய 'தலைகீழ்ப் பாவை'யும் இதற்குச் சான்று. உடல் ஒன்று, தலை இரண்டு, கால் இல்லை. ஒருபுறம் வெள்ளைப் பெண். பாவாடையைப் புரட்டினால் கறுப்புப் பெண். ஒருத்தி தோன்ற மற்றவள் மறைவாள். இருவரும் ஒருங்கே வெளிப்படுதல் இயலாது.

ஓவியத்தையும் நோக்குவோம். 1860 பெப்ரவரி 5ஆம் நாள், ஸ்ரோ அம்மையாரின் தமையனார்—அல்ல, இளவலாகிய—ஹென்றி வார்ட் பீச்சர் என்னும் போதகர், புரூக்ளின் நகரத்துத் தம் கோவிலில் 9 வயது அடிமைச் சிறுமியொருத்தியை நிறுத்தி, சபையாரிடம் 900 டொலர் திரட்டி அவளை மீட்டார். காணிக்கையாக வந்த மோதிரமொன்றை அவள் விரலில் அணிவித்தார். அம்மோதிரத்தை நோக்கியவாறு அவள் அமர்ந்திருக்கும் காட்சியை ஈஸ்ற்மன் ஜோன்சன் தீட்டினார். உள்ளத்தை உருக்கும் ஓவியமே. ஆயின் அச்சிறுமி வெள்ளையள் என்றே காண்போர் கருதத்தக்க நிறத்தினள். கரிய நிறத்தாளாயின் அத்துணை விரைவில் அப்பணம் சேர்ந்திருக்குமோ?

இனி, அடிமையாயிருந்தவர் கைத்தொழிலைக் காண்போம். ஹரியெற் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி தம் உடையவனுக்குத் தப்பி, பாட்டியார் வீட்டுக் கூரையடியில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத இடுக்கில், ஏழாண்டளவு ஒளிந்திருந்தார். கீழே விளையாடும் தம் மக்களைச் சிறு துளைவழியே கண்டார். தாம் அங்கிருப்பதை அவர்க்கு உணர்த்தவும் இயலவில்லை. நத்தார் வந்தபோது அவ்விருளிலிருந்தே அவர்க்கு உடையும் விளையாட்டுப் பொருளும் தைத்தார். 1861இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் இதனை அவரே எழுதியுள்ளார். அவர் ஊசி அறிந்த பிள்ளைமையை மேடையும் ஓவியமும் அறிந்தில.

விடுதலைக்குப் பின்னும் வடு ஆறவில்லை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலறிஞர் தம்பதியர், நிறமொன்றே வேறுபட்ட பாவைகளை 253 கறுப்புக் குழந்தைகளிடம் காட்டினர். விளையாட வெள்ளைப் பாவையே வேண்டும் என்றோர் நூற்றுக்கு 67 பேர். 1947இல் வெளியான இம்முடிவைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு நடுங்கும். பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்கு முரண் என 1954இல் உயர்நீதிமன்றம் தீர்த்தபோது, கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிற்று. 1970இல் ரொனி மொறிசன் இயற்றிய முதல் நாவலில், நீலக்கண் பாவையைப் பரிசாகப் பெற்ற கறுப்புச் சிறுமி அதனைப் பிய்த்தெறிகின்றாள். யாவரும் கொண்டாடும் அழகு அதனுள் எங்கே உள்ளது எனத் தேடுகின்றாள்!

தமிழிற் பாவை என்னுஞ் சொல் விளையாட்டுப் பொம்மையையும் குறிக்கும். கண்மணியின் நடுவையும் குறிக்கும். எதிர்நிற்பவர் உருவம் அங்கே சிற்றுருவாய்த் தோன்றுதலின் அப்பெயர் பொருந்தும். இலத்தீன் மொழியிலும் ஒரே சொல் இவ்விரு பொருளும் தரும். நீலக்கண்ணாயினும் அதன் பாவை கருமையே.

ஒரே குறும்பை இருவர் செய்தால், ஒருவனைக் 'குழந்தை, அறியாமற் செய்தான்' என்கின்றோம். மற்றவனைத் 'துடுக்கன்' என்கின்றோம். அச்சொல் நாவில் எழுமுன் அவ்விருவர் முகத்தையும் ஒருமுறை நோக்குதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடன் என்பேன்.