முனையமாய் நடித்த கணிப்பொறி

அல்லிநகரத்திற்குத் தென்மேற்கே, மலைக்கு அப்பால் உள்ளது பெரியாற்று அணை. 1895 முதல் அதன் நீர் சுரங்க வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் பாய்கின்றது. கணிப்பொறியின் ஆற்றலும் அவ்வாறே தொலைவிடங்களுக்குச் சென்றது.

பெருங்கணிப்பொறிகள் அரியனவாயிருந்த நாளில், திரையும் விசைப்பலகையும் உடைய முனையங்கள் கம்பிவழி அவற்றோடு உரையாடின. 1981-இல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி வந்தது. பெரும்பொறியோ முனையத்தின் மொழியையே அறியும். ஆதலின், சிறுபொறியை முனையமாக நடிக்கச் செய்யும் மென்பொருள்கள் எழுந்தன. அவை அழுத்திய எழுத்தை அங்கே அனுப்பும். வரும் குறிப்பின்படி திரையில் எழுதும், அழிக்கும். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய கெர்மிட், கோப்புகளையும் பிழையறக் கொண்டு சேர்த்தது.

நம் நாட்டில் 1986-இல் தோன்றிய எர்நெட் என்னும் வலையமைப்பு, சென்னை ஐ.ஐ.டி. முதலிய கல்விநிலையங்களை இணைத்தது. வாய்க்கால் இன்றேல் அணைநீர் வயலுக்கு உதவாது. இணைப்பு இன்றேல் ஓரிடத்து அறிவு பிறர்க்கு உதவாது.