வண்டி கிளம்புமுன் சில நிமிஷம்

டில்லியின் மார்கழிப் பனியில், எதிரே வரும் வண்டிகூடத் தெரியாத காலை வேளை. முதுகில் பையும் தலையில் ஹெல்மெட்டுமாக, வீடுகளுக்குச் சாமான் கொண்டு கொடுக்கும் இளைஞர்கள் கிடங்கு வாசலில் நிற்கிறார்கள். இவர்களுக்கு உத்தரவு போடும் மேலதிகாரி, கையிலுள்ள செல்போன்தான்.

அமெரிக்காவில் 1907-ல் தொடங்கிய யு.பி.எஸ். பார்சல் கம்பெனியில் வழக்கம் வேறு. வண்டி கிளம்புமுன் டிரைவர்களைக் கூட்டி வைத்து மேற்பார்வையாளர் சில நிமிஷம் பேசுவார். தூரத்தில் பார்வை வை. சுற்றுமுற்றும் முழுவதையும் கவனி. கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாதே. ஒதுங்க இடம் விடு. பிறர் உன்னைப் பார்க்கும்படி செய் – இந்த ஐந்து விதிகளும் டிரைவர்களுக்கு மனப்பாடம். கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களும் உண்டு. ஆனால் குறை சொல்ல எதிரே ஓர் ஆள் நிற்கிறாரே!

"பனியில் ரோடு தெரியவில்லை" என்று செல்போனிடம் சொல்லி என்ன பயன்? 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் இத்தொழிலாளர் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மத்திய தொழிலாளர் அமைச்சர் தலையிட்டபின், 2026 ஜனவரியில் '10 நிமிஷத்தில் வரும்' என்ற விளம்பரம் கைவிடப்பட்டது.

எந்தத் திருப்பத்தில் பள்ளம் என்பதை இன்றும் டீக்கடை ஓரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். இவர்களுக்கு வாய்த்த கூட்டம் அதுதான்.