நசுக்கிக் கொடுக்கலாமா?

மாத்திரையை விழுங்க முடியாமல் திணறுகிறார் ஒரு முதியவர். பொடித்து, ஒரு ஸ்பூன் தயிரில் குழைத்து ஊட்டிவிடலாம் என்றுதான் பராமரிப்பு இல்லப் பணியாளருக்குத் தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த எழுத்துகள் இருந்தால், 12 மணி அல்லது 24 மணி நேரத்துக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் மாத்திரை அது. பலவற்றில் மருந்து ஒரு பாலிமருக்குள் அடைபட்டிருக்கும். ஈரம் பட்டதும் மேற்பரப்பு கூழாகி, அதன் வழியே மருந்து மெல்ல வெளியேறும். நசுக்கினால் அந்தத் தடை உடைந்து, நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் சேரும். ரத்த அழுத்த மாத்திரை என்றால் எழுந்து நடப்பவர் தலைசுற்றி விழலாம். மார்ஃபின் என்றால் மூச்சே அடங்கிவிடலாம்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோலில் சிக்கல் வேறு. அமிலம் பட்டால் சிதைந்துவிடும் மருந்து என்பதால், குடலில் மட்டும் கரையும் உறை போட்டிருக்கிறார்கள். பொடித்தால் வயிற்றிலேயே வீணாகிவிடும். செல்களைப் பாதிக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நசுக்கினால் ஆபத்து நசுக்குபவருக்கும்தான். அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது.

நசுக்குவது மட்டுமே பிழை அல்ல. இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 பேரிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. 10 பேரில் 7 பேருக்கு ஏதாவது ஒரு மருந்துப் பிழை நேர்ந்திருந்தது. ஒருவர் சராசரியாக 8 மருந்துகள் சாப்பிட்டார். பழியைப் பணியாளர் மேல் மட்டும் போட முடியாது. மருத்துவர் எழுதியதிலும் மருந்தகம் கொடுத்ததிலும் பிழைகள் இருந்தன. மருந்து கொடுக்கும் நேரத்தில் ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கவனத்தைக் கலைப்பதும் ஒரு காரணம். இதற்காகவே ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று அச்சடித்த மேலங்கியைச் சில இடங்களில் பணியாளர்கள் அணிகிறார்கள்.

சாப்பிடுபவருக்கே தெரியாமல் மருந்தை உணவில் கலந்து கொடுப்பது தனி விவகாரம். பராமரிப்பு இல்லங்களுக்காக 2014-இல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல், மருந்தை மறுக்கும் உரிமையையும் சேர்த்தே பேசுகிறது. சுயமாக முடிவெடுக்கக்கூடியவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறதி நோய் முற்றி, முடிவெடுக்க இயலாதவர் என்றாலும் பணியாளர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. மருத்துவர், மருந்தாளுநர், குடும்பத்தார் கலந்து பேசி எழுதிவைக்க வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது.

விழுங்க முடியாதவருக்கு சிரப், நீரில் கரையும் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை என்று மாற்று உண்டா என மருந்தாளுநரைக் கேட்டால் போதும். பட்டையிலும் கவனம் வேண்டும்: புதியதை ஒட்டும் முன் பழையதை உரித்தாக வேண்டும். வலி நிவாரணியான ஃபென்டனில் பட்டையில் 72 மணி நேரம் கழித்தும் கணிசமான மருந்து மிச்சமிருக்கும்.