நெருப்பு, மாணிக்கம், பொன், கல்! அண்ணாமலையை அடுக்கடுக்காக வரைவோம், வாங்க!

‘மலை வரைந்து வா’ என்று டிராயிங் மிஸ் சொன்னால் என்ன செய்வீர்கள்? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முக்கோணம். நடுவில் பாதிச் சூரியன். கீழே வளைந்து ஓடும் ஆறு, ஓரமாக ஒரு தென்னை மரம். பத்தே நிமிடத்தில் படம் ரெடி! நாம் எல்லோரும் அப்படித்தானே வரைகிறோம்?

ஆனால், நிஜ மலை முக்கோணமாக இருக்காது. அதன் நிறமும் வெறும் பழுப்போ, வெறும் பச்சையோ கிடையாது. சந்தேகமாக இருந்தால் திருவண்ணாமலைக்குப் போகலாம், வாருங்கள்.

செங்கம் சாலையில் இருக்கிறது ரமணாசிரமம். வாசலில் வயதான இலுப்பை மரம். உள்ளே மயில்கள் தோகையை இழுத்துக்கொண்டு நடக்கும். ஆசிரமத்துக்குப் பின்னாலேயே அண்ணாமலை எழுந்து நிற்கிறது. உயரம் சுமார் 814 மீட்டர். சுற்றி வரும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர்.

ரமண மகரிஷி 1896ம் ஆண்டு இங்கு வந்தபோது அவருக்கு வயது 16. 1950ல் மறையும் வரை இந்த மலையை விட்டு அவர் வேறு எங்கும் போகவில்லை. ஒரே மலையை 53 ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்! நாம் ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலே போதும், எத்தனை நிறங்கள் தெரியும் என்கிறீர்கள்?

நான் செய்த குளறுபடி

பல வருடங்களுக்கு முன், இதே செங்கம் சாலை ஓரத்தில் அட்டையும் கலர் டப்பாவுமாக நான் உட்கார்ந்தேன். காலை வெயிலில் மலையின் ஒரு பக்கம் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. அவசர அவசரமாக ஆரஞ்சு பூசினேன். அது காயும் முன்பே மேலே நீலம். அதுவும் காயும் முன்பே பச்சை. எல்லாம் ஒன்றாகக் கலந்து, கடைசியில் என் மலை சாக்கடைச் சேறு மாதிரி ஆகிவிட்டது. பேப்பரும் தேய்ந்து ஓட்டை!

தப்பு கலரில் இல்லை. நான் காத்திருக்கவில்லை, அதுதான் தப்பு. பெரிய இயற்கைக் காட்சிப் படத்தை ஒரே மூச்சில் வரைய முடியாது. வீடு கட்டுவது போலத்தான் அது. அஸ்திவாரம், சுவர், பூச்சு, சுண்ணாம்பு என்று ஒவ்வொன்றாக எழும்ப வேண்டும். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது.

புராணத்திலேயே ஒரு ரகசியம்

அண்ணாமலையைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. இந்த மலை கிருத யுகத்தில் நெருப்பாக இருந்ததாம். திரேதா யுகத்தில் மாணிக்கமாக மாறியதாம். துவாபர யுகத்தில் பொன் ஆனதாம். இந்தக் கலியுகத்தில் கல்லாக நிற்கிறதாம்.

ஓவியர் கண்ணோடு இந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள். நெருப்பு என்றால் ஆரஞ்சு கலந்த மஞ்சள். மாணிக்கம் என்றால் சிவப்பு. பொன் என்றால் மங்கிய மஞ்சள். கல் என்றால் நீலம் கலந்த சாம்பல். அட! நாலு அடுக்கு கலர் கிடைத்துவிட்டதே! நம் படத்தையும் இதே வரிசையில் கட்டப் போகிறோம்.

‘கல் சாம்பல் நிறம்தானே, நேராகச் சாம்பலையே பூசிவிட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். பூசலாம். ஆனால், அது சிமென்ட் சுவர் மாதிரி செத்துக் கிடக்கும். அடியில் ஆரஞ்சும் சிவப்பும் காய்ந்து கிடக்க, அதன் மேல் மெல்லிய நீலத்தைப் பூசினால், சாம்பலுக்குள் இருந்து வெயில் எட்டிப் பார்க்கும்.

அடி அடுக்கு எப்படித் தெரிகிறது?

வாட்டர் கலர் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் கலரைத் துளைத்து உள்ளே போகும். அடியில் இருக்கும் வெள்ளைப் பேப்பரில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வரும். வழியில் எத்தனை அடுக்கு இருக்கிறதோ, அத்தனை நிறமும் அந்த வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு வரும். சிவப்புக் கண்ணாடித் தாள் மேல் மஞ்சள் கண்ணாடித் தாளை வைத்து, ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். புரிந்துவிடும்.

போஸ்டர் கலர் அப்படி இல்லை. கெட்டியாகப் பூசினால் அது கதவு மாதிரி, அடியில் இருப்பதை மூடிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் இப்படித்தான் ஒரு பெரிய விஷயம் நடந்தது. ராஜராஜ சோழன் காலத்துச் சுவர் ஓவியங்களின் மேல், பிற்காலத்தில் நாயக்கர் காலத்தில் புதிதாகச் சாந்து பூசி வேறு ஓவியங்கள் வரைந்துவிட்டார்கள். சோழர் ஓவியம் அடியில் இருப்பதே பல நூறு ஆண்டுகள் தெரியவில்லை. 1931ம் ஆண்டு எஸ்.கே.கோவிந்தசாமி என்ற பேராசிரியர்தான், மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடி ஓவியத்தைக் கண்டுபிடித்தார். பிறகு தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்து எடுத்து, தனிப் பலகைகளில் ஒட்டிப் பாதுகாத்தார்கள்.

ஆகவே, அடி அடுக்கு தெரிய வேண்டுமா? கலரில் தண்ணீர் நிறையச் சேருங்கள். மறைய வேண்டுமா? கெட்டியாகப் பூசுங்கள்.

சின்னப் படம் பெரிசாகும் கணக்கு

கடையில் முழு டிராயிங் ஷீட் கேட்டால் சுமார் 22க்கு 30 அங்குலத்தில் கிடைக்கும். சார்ட் பேப்பர் வேண்டாம், ஈரம் பட்டால் நெளியும். கெட்டியான ஷீட்டாக வாங்கி, பலகையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள்.

முதலில் நோட்டில் 15 செ.மீ. அகலம், 11 செ.மீ. உயரத்தில் ஒரு சின்னப் படம் போடுங்கள். அதில் ஒரு செ.மீ.க்கு ஒரு கோடு இழுத்துக் கட்டம் போடுங்கள். பெரிய ஷீட்டில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு. இரண்டிலும் அதே 165 கட்டங்கள் வரும்! சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்தில் பார்த்து வரைந்தால் மலை கோணாது. பென்சிலை அழுத்தாதீர்கள், பிறகு அழிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ரமணாசிரமம் மலைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து மலையைப் பார்த்தால் கிழக்கு உங்கள் வலது கைப்பக்கம். காலையில் வலப்பக்கம் வெயில், இடப்பக்கம் நிழல். மாலையில் அப்படியே மாறிவிடும். நீங்கள் வரைந்து முடிக்கும் வரை சூரியன் காத்திருக்காது! அதனால், உட்கார்ந்த உடனே நிழல் எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அடுக்கு அடுக்காக...

வானம்: பெரிய பிரஷ்ஷால் முதலில் வானம். உச்சியில் நல்ல நீலம். கீழே வர வர தண்ணீர் சேர்த்து வெளிறவிடுங்கள். மலைக் கோட்டைத் தாண்ட வேண்டாம். காய விடுங்கள்.

நெருப்பு: மஞ்சளில் துளி சிவப்பு. தண்ணீர் நிறைய. மலை முழுக்க ஒரே பூச்சு. பார்க்க, மலை தீப்பற்றியது போல இருக்கும். பயப்படாதீர்கள்! காய விடுங்கள்.

மாணிக்கம்: நீர்த்த சிவப்பு. பாறை இடுக்கு, பள்ளம், நிழல் விழும் பக்கம் மட்டும். வெயில் படும் இடத்தைத் தொடாதீர்கள். காய விடுங்கள்.

பொன்: காவி மண் நிறம். காய்ந்த புல் இருக்கும் சரிவுகளில் மட்டும். அண்ணாமலையில் எலுமிச்சைப் புல் நிறைய உண்டு. கோடையில் அது காய்ந்து பொன் நிறமாகும். காய விடுங்கள்.

கல்: நீலத்தில் துளி பழுப்பு. நிழல் பக்கம் முழுவதும் ஒரு பூச்சு. வெயில் பக்கம் பாறைக் கோடுகள் மட்டும். இப்போதுதான் அதிசயம்! எரிந்துகொண்டிருந்த மலை சட்டென்று கல்லாகும். ஆனால், உள்ளே நெருப்பு தெரியும்.

பச்சை: தூரத்து மரங்களுக்கு நீலம் கலந்த வெளிர்ப் பச்சை. பக்கத்து மரங்களுக்கு அடர் பச்சை. ஏன் தெரியுமா? நமக்கும் தூரத்து மரத்துக்கும் நடுவில் காற்று நிறைய இருக்கிறது. காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். அதனால் தூரத்தில் உள்ளவை நீலம் பூசியது போலத் தெரியும்.

கடைசியாக, சின்ன பிரஷ்ஷை எடுங்கள். இலுப்பை மரத்தின் கிளைகள், ஆசிரமத்தின் வெள்ளைக் கோபுரம், ஒரு மயில். கோபுரத்துக்கு வெள்ளைக் கலர் வேண்டாம், முதலிலிருந்தே அந்த இடத்தில் பேப்பரை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

‘காய விடுங்கள்’ என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன் பார்த்தீர்களா? விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். பேப்பர் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் என்று அர்த்தம். அதுவரை எழுந்து பத்தடி பின்னால் போய்ப் படத்தைப் பாருங்கள். பக்கத்தில் தெரியாத தப்பெல்லாம் அங்கிருந்து தெரியும்.

மலைக்காகவே வாழ்ந்தவர்கள்

ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்கள் உலகில் உண்டு. ஜப்பானின் ஹொக்குசாய், 70 வயதை ஒட்டிய காலத்தில் ஃபூஜி மலையை வைத்து ஒரு படவரிசை செய்தார். ‘ஃபூஜியின் 36 காட்சிகள்’ என்று பெயர். வரவேற்பு அமோகமாக இருந்ததால் இன்னும் பத்து சேர்ந்து 46 ஆகிவிட்டது! அவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம், கொஞ்சமும் விலகாமல் உட்கார வேண்டும்.

பிரான்ஸ் நாட்டின் பால் செசான், தன் ஊர் அருகே இருந்த சான் விக்டுவார் மலையை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் 30 தடவைக்கு மேல் வரைந்தார். வாட்டர் கலரில் வரையும்போது ஒரு பட்டை காய்ந்த பிறகே அடுத்த பட்டையை அதன் மேல் வைப்பார். 1906ம் ஆண்டு அக்டோபரில், வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது புயல் மழையில் மாட்டிக்கொண்டார். சில நாட்களில் இறந்தும் போனார். கடைசி வரை பிரஷ்ஷை அவர் விடவில்லை.

நிஜமான பச்சை அடுக்கு

இப்போது நான் சொல்லப் போவதுதான் முக்கியம், குட்டீஸ். ரமணர் காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பார்த்தால், அண்ணாமலை பெரும்பாலும் மொட்டையாக, வெறும் பாறையும் புல்லுமாகத் தெரியும். இன்று சரிவுகளில் மரங்கள் தெரிகின்றன. அந்தப் பச்சை தானாக வந்ததில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து பலர் மலையில் கன்று நட்டு, மேலே தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தார்கள். அதுவும் அடுக்குதான். முதலில் மண் தங்க வேண்டும். பிறகு புதர், பிறகு மரம், பிறகு நிழல். ஒவ்வொன்றுக்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கோடையில் காய்ந்த புல்லில் ஒரு தீக்குச்சி விழுந்தால் போதும். காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். இளங்கன்றுகள் எல்லாம் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் வெயில் காலம் வரும் முன்பே புல்லை வெட்டி, தீ தாண்ட முடியாதபடி வெற்றுப் பாதை போடுகிறார்கள். அவர்கள் 30 வருடமாகப் பூசிய பச்சையை, யாரோ ஒருவர் ஒரே மாலையில் அழித்துவிட முடியும். காகிதத்தில் என் படம் சேறானது, வேறு ஷீட் வாங்கிக்கொண்டேன். மலைக்கு வேறு ஷீட் கிடையாதே!

ஆகவே, கிரிவலம் போனால் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். மலைச்சரிவில் நெருப்பு வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம்.

படம் முடிந்ததா? மூலையில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே மாதம், அதே நேரம் திரும்ப ஒன்று வரையுங்கள். திருவண்ணாமலை தூரமா? பரவாயில்லை, உங்கள் ஊர்க் குன்றே போதும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று உங்கள் படமே சொல்லிவிடும்.

என்ன குட்டீஸ், பிரஷ்ஷைக் கழுவியாச்சா? ஜமாயுங்க!