நீலகிரி உருளைக்கிழங்குச் சாகுபடியில் தரிசு மரபு

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். அவற்றுள் உருளைக்கிழங்கைப் படகர்கள் தம் வேளாண்மையோடு இணைத்துக்கொண்டனர். இப்பயிரின் மரபுமுறை என்றதும் விதைக்கிழங்கு சேமித்தலும் தொழுவுரம் இடுதலும் மண் அணைத்தலுமே நினைவுகூரப்படுகின்றன. நிலத்தை ஆறவிடும் வழக்கம் அவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை.

விதைக்கிழங்கு பேணுதல் நுட்பமானது. அறுவடையில் பிரித்தெடுத்த சிறு கிழங்குகள் மங்கிய வெளிச்சத்தில் பரப்பி வைக்கப்படும். இருட்டில் முளை வெளுத்து நீண்டு ஒடியும். வெளிச்சம் சிறிது பட்டால் குட்டையாகவும் உறுதியாகவும் வளரும். நறுக்கிய துண்டுகள் மழை ஈரத்தில் அழுகுமாதலால் மலையில் முழுக்கிழங்கே நடப்படும். நச்சுயிரிகளைப் பரப்பும் அசுவினி குளிர்ந்த உயரங்களில் குறைவு என்பதும் இம்முறைக்குத் துணைநின்றது.

தரிசு மரபு உருளைக்கிழங்கிற்கு முந்தையது. சாமை, கொரளி, இராகி ஆகியவற்றைப் பயிரிட்ட படகர்கள், உழும் நிலத்தினும் மிகுதியான பரப்பை உரிமையில் வைத்து இடம் மாற்றி உழுதனர். தரிசாகக் கிடந்த பகுதிக்கு முழுத் தீர்வை இல்லை. ‘புர்த்தி’ எனப்பட்ட இம்முறை 1860-களில் அரசால் நீக்கப்பட்டது. எனவே தரிசு விடுதலை வேளாண் அறிவாக மட்டும் கருதுதல் குறையுடையது. அதற்கு நிலவுரிமையின் அடிப்படையும் இருந்தது.

இதன் பயன் 1961-இல் வேறொரு கோணத்தில் புலப்பட்டது. அவ்வாண்டு எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டறிந்தார். இறந்த பெண்புழுவின் உடலே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும் கூடாகிறது. கடலைப் பருப்பை விடவும் மிகச் சிறிய அக்கூடு மண்ணில் பல்லாண்டுகள் அழியாது கிடக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டதும் முட்டைகள் பொரியும். ஆண்டுதோறும் அதே பயிரை நடுவது புழுவுக்கு உணவிடுவதாகும். புர்த்தி நீங்கியதே புழு பரவக் காரணம் எனல் மிகை. ஆயினும் பரவிய புழுவைத் தணிக்கும் வழி அதனால் சுருங்கிற்று.

இப்புழுவின் தாயகம் உருளைக்கிழங்கின் தாயகமான ஆண்டீஸ் மலைத்தொடரே. அங்கு ‘லைமி’ என்னும் ஊர்ப்பொதுச் சுழற்சியில், எப்பகுதியில் உருளைக்கிழங்கு நடுவதென ஊரே முடிவு செய்யும். பிற பயிர்களுக்குப் பின் அந்நிலம் பல்லாண்டு தரிசாக விடப்படும். கிழங்கும் புழுவும் கடல் கடந்தன; அவற்றைத் தாங்கிய ஊர் ஒழுங்கு உடன் வரவில்லை.

அரை ஏக்கர் உழவருக்குத் தரிசு இயலாதது. முட்டைக்கோசு, கேரட், பூண்டு ஆகியவற்றோடு சுழற்சி செய்தலும், எதிர்ப்புத்திறனுள்ள குஃப்ரி ஸ்வர்ணா போன்ற இரகங்களை நடுதலும் அதற்கு ஈடாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. புழு உள்ள வயலில் எடுத்த விதைக்கிழங்கோ, ஒட்டிய மண்ணோடு கூட்டையும் சுமந்து செல்கிறது. மரபில் ஒரு கூறு மற்றொன்றுக்கு எதிராகத் திரும்பும் இடம் இது. படிவயல்களில் மழைநீர் மேற்படி மண்ணைக் கீழ்ப்படிக்குக் கொணர்வதால், ஒருவர் தம் வயலில் மட்டும் பயிரை மாற்றுவது போதாது. மேற்படியில் அண்டை வீட்டார் அவ்வாண்டு என்ன நடுகிறார் என்பதும் கணக்கில் வரும்.